நான்காவது படுக்கை

"அக்கா, நாலு பேருக்கு எந்த கேரவன் சரியா இருக்கும்?"

என் தம்பி வீபே இதைக் கேட்டது 1985 அக்டோபரில், ஸ்னேக் ஊரில் என் சமையலறை வாசலில் நின்றபடி, ஒரு கையில் காப்பிக் கோப்பையும் இன்னொரு கையில் கார் சாவியுமாக. "உன் கார் எவ்வளவு எடை இழுக்கும், அதை முதல்ல சொல்லு" என்றேன். ஆயுள் முழுக்க வகுப்பறையில் நின்றவளுக்குக் கேள்வியைத் திருப்பிக் கேட்கும் பழக்கம் ஓய்வு பெற்றாலும் போவதில்லை. அவன் சிரித்துவிட்டுத் தன் ஊரான ஸ்வொல்லெவுக்குக் கிளம்பிவிட்டான்.

அதற்குப் பின் எல்லாம் கடிதத்தில்தான். தொலைபேசியில் வீபே வானிலையைத் தாண்டமாட்டான். தாளில் கொஞ்சம் தாராளம்.

படிக்கிறவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். வீபேக்கு அப்போது நாற்பத்திமூன்று வயது. பிறந்ததிலிருந்து பாய்மரப் படகுப் பைத்தியம். முதல் மனைவி மூலம் யெல்லெ என்று ஏழு வயதில் ஒரு மகன். அந்த வருட வசந்தத்தில் அவன் ஹன்னியை மணந்துகொண்டான். ஹன்னிக்கு ரூலீன் என்று பன்னிரண்டு வயது மகள். ரூலீனின் அப்பா பெர்ட் ஜீலாந்தில் கடற்கரையோரம் இருக்கிறார், நல்ல மனிதர். நானோ, தோழி கோரியோடு வருடாவருடம் முட்டை மாதிரி இருக்கும் ஒரு சின்ன கேரவனை, அதாவது சக்கரம் வைத்த வீட்டை, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு தெற்கே போகிறவள்.

*

ஸ்வொல்லெ, 20 அக்டோபர் 1985

அன்புள்ள அக்கா,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மற்றபடி நலம்.

நேற்று உத்ரெக்ட் கேரவன் கண்காட்சிக்குப் போனோம். இத்தனை வகை இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒன்று, பெட்டி மாதிரி தட்டையாக இருந்தது. மூடியைப் பிரித்தால் இரண்டு பக்கமும் படுக்கை விரிந்து துணிக்கூரை எழும்பி நிற்கிறது. மடிப்பு வண்டி என்கிறார்கள். இன்னொன்றில் கூரை மட்டும் மேலே தூக்கிக்கொள்ளும். மூன்றாவது முழு வீடு. நிரந்தரக் கட்டில், அலமாரி, பூப்போட்ட திரை. விற்பனைக்காரர் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினார். "சார், இதுக்குள்ள உங்க மாமியாரையே வைக்கலாம்" என்றார். ஹன்னி சொன்னாள், "என் அம்மா உயரம் உங்களுக்குத் தெரியாது."

எனக்குப் படகுதான் தெரியும். படகில் ஒரு அங்குலம் வீணாகாது. அதே கண்ணோடு இவற்றையும் பார்த்தேன். முழு வீட்டு வகை பிடித்தது. முன்பக்கம் எனக்கும் ஹன்னிக்கும். பக்கவாட்டுப் பலகைக் கட்டில் யெல்லெவுக்கு. இரவில் சாப்பாட்டு மேசையை இறக்கி மெத்தையைப் போட்டால் ரூலீனுக்கு. படமாகவே வரைந்து வைத்திருக்கிறேன். கச்சிதம்.

ரூலீன் கண்காட்சிக்கு வரவில்லை. வீட்டுப்பாடம் இருந்தது.

இழுக்கும் எடை ஆயிரம் கிலோ என்று காரின் புத்தகத்தில் இருக்கிறது. இப்போது சொல், எது?

கோரிக்கு என் வணக்கம்.
உன் வீபே

*

ஸ்னேக், 2 நவம்பர் 1985

அன்புத் தம்பி,

முழங்கால் படியில் ஏறும்போது புகார் செய்கிறது, இறங்கும்போது மன்னித்துவிடுகிறது. உங்கள் சளி இதற்குள் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் எடை. கடைக்காரர் சொல்வது காலி வண்டியின் எடை. என் வகுப்புப் பிள்ளைகள் எடை பார்க்கும் நாளில் பூட்ஸைக் கழற்றி, பையை இறக்கி, மூச்சையும் வெளியே விட்டுவிட்டுத்தான் தராசில் ஏறுவார்கள். அதே கதைதான். அதன் மேல் தண்ணீர், கேஸ், பாத்திரம், வண்டி வாசலில் கட்டும் முன்கூடாரம், பிரான்ஸில் கிடைக்காது என்று நீங்கள் கட்டாயம் மூட்டை கட்டும் உருளைக்கிழங்கு, கடலை வெண்ணெய் எல்லாவற்றையும் ஏற்று. ஆயிரத்தைத் தொடுமானால் அது உன் காருக்கு வண்டி அல்ல, நங்கூரம்.

அடுத்தது, பாரத்தை எங்கே வைப்பது. பள்ளி மைதானத்து சீசா பலகையை நினைத்துக்கொள். கனமானவன் நடுவில் உட்கார்ந்தால் பலகை அமைதியாக இருக்கும், பின்நுனியில் உட்கார்ந்தால் முன்பக்கம் துள்ளும். வண்டியிலும் கனமானதெல்லாம் சக்கரத்துக்கு மேலே.

இனி உன் வரைபடம். நாற்காலி, மேசை, கட்டில் மூன்றும் ஒன்றே என்றால் என்ன ஆகும், யோசித்துப் பார். அங்கே படுக்கிறவர் மற்ற மூன்று பேரும் சீட்டாடி முடிக்கும்வரை தூங்க முடியாது. காலையில் யாருக்காவது ரொட்டி தின்ன வேண்டுமென்றால் எழுந்தே ஆக வேண்டும். பகலெல்லாம் அவருக்கென்று அந்த வண்டியில் ஓரிடமும் இல்லை. விருந்தாளியை இரண்டு நாள் அப்படிப் படுக்க வைக்கலாம்.

கோரி என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, "மேசையில அவனே படுக்கட்டும்" என்கிறாள்.

எல்லோருடைய உயரத்தையும் அளந்து அனுப்பு. குழந்தைகளுக்கான கட்டில்கள் பல வண்டிகளில் குட்டை.

அன்புடன்
ரென்ஸ்கே

*

ஸ்வொல்லெ, 24 நவம்பர் 1985

அன்புள்ள அக்கா,

சளி யெல்லெவிடம் மட்டும் மிச்சம். ஆலையில் பால் வரத்து குறைந்திருக்கிறது, அதனால் மாலையில் சீக்கிரம் வீடு வருகிறேன்.

மேசை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நீ சொன்னபின் அந்தப் படத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போது பின்பக்கம் குறுக்காக இரண்டு அடுக்குக் கட்டில் உள்ள வகைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவை கனம். மடிப்பு வண்டி லேசு, கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி தெரியும், ஆனால் நனைந்த துணியோடு வீடு திரும்பினால் தோட்டம் முழுக்க விரித்துக் காயவைக்க வேண்டுமாம். ஈரப் பாய்த்துணி எனக்குப் பழக்கம்தான், ஹன்னிக்கு இல்லை.

ஒரு விஷயம் புரியவில்லை. கேரவன்காரர்கள் கதவைத் திறந்ததும் எல்லாவற்றையும் வெளியே பரப்புகிறார்களே, நாற்காலி, அடுப்பு, துணிக்கொடி. அப்புறம் எதற்கு உள்ளே இவ்வளவு இடம்?

உயரம்: நான் 1.91. ஹன்னி 1.74. யெல்லெ 1.22. ரூலீன் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்.

வீபே

(கீழே ஹன்னியின் எழுத்து.) ரென்ஸ்கே, தபாலில் போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். உங்கள் தம்பி சொல்லாததை நான் சொல்கிறேன். கோடைக்கு ரூலீன் எங்களோடு வருகிறாளா, பெர்ட்டிடம் போகிறாளா என்று மே மாதக் கடைசிக்குள் அவள்தான் சொல்ல வேண்டும். பெர்ட்டும் நானும் அப்படிப் பேசி வைத்திருக்கிறோம், யாரும் அவளை இழுக்கக் கூடாது என்று. வீபே அவளிடம் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். அவளிடம் கேட்க வேண்டியதையெல்லாம் விற்பனைக்காரர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

*

ஸ்னேக், 7 டிசம்பர் 1985

அன்புத் தம்பி, ஹன்னிக்கும்,

பரிசு கொண்டுவரும் சின்டர்கிளாஸ் தாத்தா எங்கள் வீட்டுக்கும் வந்துபோனார். பரிசோடு கோரி எனக்கு எழுதிய கிண்டல் பாட்டு முழுக்க நான் பின்னோக்கி வண்டி ஓட்டும் அழகைப் பற்றியது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மானம்தான் போயிற்று.

"எதற்கு உள்ளே இவ்வளவு இடம்" என்று கேட்டாயே, நல்ல கேள்வி. மழைக்காகத்தான். வெயில் நாளில் எந்த வண்டியும் போதும். மூன்று நாள் விடாமல் மழை பெய்தால்தான் எது சரியான வண்டி என்று தெரியும்.

1.91, 1.74, 1.22, இவை அளவுகள். ஏறத்தாழ என்பது அளவல்ல. வகுப்பில் யாராவது அப்படி எழுதினால் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

காகிதத்தில் பார்த்துத் தீர்மானிக்காதே. தெரு காய்ந்ததும் சாக்பீஸ் எடுத்து உங்கள் வீட்டு வாசலில் வண்டியை உண்மையான அளவில் வரை. சுவர், கட்டில், அடுப்பு, எல்லாம். நான் பிள்ளைகளுக்குத் திமிங்கலத்தின் நீளத்தை அப்படித்தான் காட்டினேன். வாலுக்குப் போவதற்குள் மைதானம் முடிந்துவிட்டது. எல்லோரும் அவரவர் இடத்தில் படுத்துப் பாருங்கள்.

அன்புடன்
ரென்ஸ்கே

*

ஸ்வொல்லெ, 2 மார்ச் 1986

அன்புள்ள அக்கா,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குப் பனிதான் காரணம். உறைந்த வாய்க்கால்களில் சறுக்கிப் போகும் பதினோரு ஊர்ப் பந்தயம் உங்கள் ஊர் வழியாகப் போனதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். உன்னையும் கோரியையும் கூட்டத்தில் தேடினோம். நான் ஆலைக்கு லீவு போட்டுவிட்டேன். எங்கள் வாய்க்காலிலும் பனி கெட்டியாக இருந்தது. யெல்லெ சறுக்கப் பழக நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிற நிலையைத் தாண்டிவிட்டான். ரூலீன் நன்றாகவே சறுக்குகிறாள், கைகளை முதுகில் கட்டிக்கொண்டு, பெரியவர்கள் மாதிரி. நான் பின்னாலேயே போனேன், காற்றுக்கு அவள் எனக்கு மறைப்பாக இருந்தாள். பாலம் வரைக்கும் போய்த் திரும்பினோம்.

ஹன்னி நலம். மற்றபடி விசேஷமில்லை.

வீபே

*

(இதற்கு நான் ஓர் அட்டைதான் அனுப்பினேன். "பந்தயத்தில் நாங்கள் பட்டாணி சூப் கடைக்குப் பக்கத்தில் நின்றோம். கோரிக்கு இருமல், நான் நலம். உன் கடிதத்தில் வண்டி எங்கே?")

*

ஸ்வொல்லெ, 6 ஏப்ரல் 1986

அன்புள்ள அக்கா,

கோரியின் இருமல் நின்றதா? இங்கே உடம்பு எல்லாருக்கும் சரி.

நேற்று வெயில். நீ சொன்னபடி தெருவில் வரைந்தேன். பின்பக்கம் அடுக்குக் கட்டில், நடுவில் மேசை, முன்பக்கம் எங்கள் கட்டில். ஒரு மணி நேரத்தில் பாதித் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு ஹார்ம் கேரவனில் முப்பது வருட அனுபவஸ்தர். நாற்காலியையே கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

"அடுப்புக்குப் பக்கத்துல தலை வெச்சுப் படுக்கறியே, வீபே. வெங்காயம் வதக்கறப்போ உன் முடியையும் சேர்த்து வதக்குவா."

"முடி எங்க இருக்கு, ஹார்ம்" என்றாள் ஹன்னி, தெருவில் படுத்தபடியே.

"காலை நீட்டு. பாத்தியா, பாதம் ரெண்டும் வண்டிக்கு வெளிய. பிரான்ஸ்காரன் அதுல துண்டு காயப்போடுவான்."

யெல்லெ கீழ்க்கட்டிலில் படுத்து நிஜமாகவே குறட்டை விட்டுக் காட்டினான். மேல்கட்டிலை எப்படி வரைவது என்று எனக்குத் தெரியவில்லை, கீழ்க்கட்டிலுக்குள்ளேயே இன்னொரு கோடு போட்டேன். ரூலீன் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இறங்கி வாயேன்" என்று ஹன்னி கூப்பிட்டாள். "இங்கேருந்தே தெரியுது" என்றாள்.

இன்று காலை ரொட்டி வாங்கப் புறப்பட்டேன். நான் வரைந்தது வெள்ளைக் கோடு. அதற்கு வெளியே, மூன்று எட்டு தள்ளி, நீலத்தில் ஒரு சின்னச் சதுரம். உள்ளே ஒரு தலையணையும் வரைந்திருந்தது. யெல்லெவைக் கேட்டேன். "ரூலீன் போட்டா. அது அவ கூடாரம்" என்றான்.

அக்கா, படகுக்கு வெளியே யாரும் படுப்பதில்லை. படகுக்கு வெளியே இருப்பது தண்ணீர். ஒரு பலகையில் நாலு பேர் நெருங்கிப் படுத்தாலும் உள்ளேதான் படுப்பார்கள். அவள் என்னோடு பேசாமலே தெளிவாகப் பதில் சொல்லிவிட்டாள். நான் அவளைத் தொந்தரவு செய்யப் போவதில்லை.

இனி மூன்று பேருக்கு வண்டி பார்த்தால் போதும். இங்கே குளிர்காலத்தில் கேரவன்களை நிறுத்தி வைக்கும் விவசாயி ஒருவர் இருக்கிறார், யான் டெர் வெல். அவரது கொட்டகையில் சின்னதாக ஒன்று விற்பனைக்கு நிற்கிறது. லேசு, சுத்தம். புதன்கிழமை போய்க் கைகுலுக்கிப் பேரத்தை முடித்துவிட்டு வருகிறேன்.

வீபே

*

ஸ்னேக், 9 ஏப்ரல் 1986

வீபே,

கோரியின் இருமல் நின்றது. இந்தக் கடிதம் உன் கைகுலுக்கலுக்கு முன் வந்து சேராது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

கோடையெல்லாம் நீ தண்ணீரிலேயே இருந்தவன், அதனால் உனக்குத் தெரியாது. ஜூலையில் எந்தக் கேரவன் முகாமுக்கும் போய்ப் பார். பத்து வயதைத் தாண்டிய பிள்ளை இருக்கும் ஒவ்வொரு கேரவனுக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கூடாரம் நிற்கும். அந்தப் பிள்ளைகள் யாரும் வீட்டை விட்டுப் போனவர்கள் இல்லை. சாப்பாட்டுக்கு வருவார்கள், பாத்திரத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கழுவப் போவார்கள், சண்டை போடுவார்கள், திரும்பித் தங்கள் துணிக்குள் நுழைந்துகொள்வார்கள். என் வகுப்பில் மிகவும் ஒட்டுதலான பிள்ளைகள் கூடத் தங்கள் மேசை மூடியை யாராவது திறந்தால் கத்துவார்கள்.

வர விருப்பமில்லாதவள் தெருவில் தலையணை வரையமாட்டாள். மாடியிலேயே இருந்திருப்பாள். ஆனால் இது என் ஊகம். ஊகத்தை நம்பாதே. நானும் உன்னைப் போலவே இங்கிருந்து அவளை அளக்கிறேன், ஏறத்தாழ.

ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். கூடாரத்துக்கு அவள் வாசல் போட்டிருக்கிறாளா, போட்டிருந்தால் எந்தப் பக்கம் பார்த்து? வண்டியைப் பார்த்தா, தெருவைப் பார்த்தா? போய்ப் பார்த்து எழுது.

ரென்ஸ்கே

*

ஸ்வொல்லெ, 20 ஏப்ரல் 1986

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம், நானும் பரவாயில்லை. கோரியின் செய்தி கேட்டு மகிழ்ச்சி.

நீ நினைத்தபடியே புதன்கிழமை கைகுலுக்கிவிட்டேன். வியாழக்கிழமை உன் கடிதம் வந்தது. தெருவுக்கு ஓடினேன். இரவே மழை பெய்து கல்லெல்லாம் கழுவிவிட்டிருந்தது. வெள்ளையும் இல்லை, நீலமும் இல்லை. எனக்கு ஞாபகமும் இல்லை. வாசல் என்று ஒன்று இருந்ததாகவே நான் கவனிக்கவில்லை. கேட்பதைத் தவிர வழியில்லாமல் போயிற்று.

சனிக்கிழமை ரூலீனின் சைக்கிள் டயர் இறங்கியிருந்தது. வீட்டுக் கொட்டகையில் டியூபை வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தேன். அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன், என் பக்கத்தில் அசடு வழிவதைப் பொறுத்துக்கொள்.

"அன்னிக்குக் கூடாரம் வரைஞ்சியே. அதுக்கு வாசல் எந்தப் பக்கம்?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"அக்கா கேக்கறாங்க. ஸ்னேக்லேருந்து."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் எழுதினேன்."

"என்னைப் பத்தியா?"

"கேரவனைப் பத்தி."

அவள் விளக்கை ஆட்டினாள். குமிழி கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. "உங்க பக்கம்தான். தெரு பக்கம் வெச்சா ரொட்டி வந்துதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

நான் டியூபைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். ஓட்டை எங்கே என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டது. ஆனால் எடுத்தால் பேச்சு முடிந்துவிடுமே.

"மழை பெஞ்சா?" என்று அவளே கேட்டாள். "ரொம்ப மழை. கூடாரம் ஒழுகினா. எனக்கு உள்ள இடம் இருக்குமா?"

"இருக்கும்."

"மேசையிலயா?"

அந்தப் படத்தை அவள் பார்த்திருக்கிறாள், அக்கா. கிழித்துப் போடுவதற்கு முன்பே.

"இல்ல. தனியா ஒரு கட்டில்."

"நான் இல்லாதப்போ அதுல சாமான் வெப்பீங்க."

"வெக்கமாட்டோம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அப்புறம் ஈரத்துண்டு, பந்து, உருளைக்கிழங்கு."

"வெக்கமாட்டோம், ரூலீன். நீ வர்றியா எங்களோட?"

கேட்டேவிட்டேன். அக்டோபரிலிருந்து வாயில் வைத்திருந்தது. அவள், "யோசிக்கிறேன். அப்பாகிட்டயும் பேசணும்" என்று சொல்லிவிட்டு விளக்கை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

அன்று மாலையே ஹன்னியோடு டெர் வெல் கொட்டகைக்குப் போனேன். கைகுலுக்கியதைத் திரும்பப் பெறுவது எனக்குப் பழக்கமில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினேன்.

"புதன்கிழமை மூணு பேருன்னு சொன்ன. சனிக்கிழமை நாலு பேரா? பண்ணையில பன்னிகூட இவ்வளவு சீக்கிரம் குட்டி போடாது" என்றார் டெர் வெல்.

"குட்டிக்கு வயசு பன்னெண்டு" என்றாள் ஹன்னி.

"அப்போ சரி. அந்த வயசுல கொஞ்சம் தாமதமாத்தான் வரும்." கையை உதறிக்கொண்டு வரிசையின் கடைசிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒன்று நின்றது. அடுக்குக் கட்டில், மெல்லிய சுவர், பழைய மாதிரி. காலி எடையோடு நாங்கள் ஏற்றப்போவதையும் கூட்டிப் பார்த்தேன். காருக்குத் தாங்கும், உருளைக்கிழங்கைப் பாதியாகக் குறைத்தால்.

மேல்கட்டிலில் ஏறிப் படுத்தேன். முழங்கால் தாடையில் இடித்தது. தலைமாட்டில் ரொட்டிப் பெட்டி அளவுக்கு ஒரு ஜன்னல், தனியாகத் திறந்து மூடலாம். கீழே நடக்கிறது எல்லாம் காதில் விழும், ஆனால் படுத்திருக்கிறவரை யாரும் பார்க்க முடியாது. திரையை இழுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.

ஹன்னி கேட்டாள், "வாங்கப் போறியா, தூங்கப் போறியா?"

வாங்கிவிட்டேன்.

ரூலீன் உயரம் 1.57. கதவுச் சட்டத்தில் நிற்க வைத்து அளந்தேன். குதிகாலைத் தூக்கினாள், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன், ஆகவே 1.55 என்று வைத்துக்கொள்.

உன் வீபே

*

ஸ்னேக், 3 மே 1986

அன்புத் தம்பி,

இங்கே இரண்டு பேரும் நலம். உன் முழங்கால் இப்போது என்ன சொல்கிறது?

பார்சலில் இருப்பது கோரி ராணி தினத்துப் பழைய சாமான் சந்தையில் பேரம் பேசி வாங்கிய கூடாரம். ஆரஞ்சு நிறம், ஒரு பக்கம் தையல் பிரிந்திருந்தது, தைத்துவிட்டோம். ரூலீன் வந்தாலும் அவளுக்குத்தான், ஜீலாந்துக்குப் போனாலும் அவளுக்குத்தான். அதைச் சொல்லிக் கொடு.

நானும் ஒரு விஷயத்தில் கற்றுக்கொண்டேன். லேசான மடிப்பு வண்டிதான் உங்களுக்குச் சரி என்று சொல்லலாம் என்றிருந்தேன். கூடாரத்தில் படுக்கிறவளுக்கு இன்னொரு கூடாரத்துக்குள் இடம் வைத்தால் மழைக்கு அது என்ன ஆறுதல்? எனக்கு அது தோன்றவில்லை.

முடிவு என்ன என்று நான் கேட்கப் போவதில்லை. தெரிந்ததும் எழுது, அல்லது எழுதாதே.

அன்புடன்
ரென்ஸ்கே

*

(மே போயிற்று. ஜூனும் போயிற்று. ஹன்னியிடமிருந்து என் பிறந்தநாளுக்கு ஓர் அட்டை வந்தது, வாழ்த்து மட்டும். கோரி தபால்காரரை வாசலில் பார்க்கும்போதெல்லாம், "ஸ்வொல்லெவுல எல்லாரும் கை ஒடிஞ்சு கிடக்கறாங்களா?" என்று கேட்டாள். தபால்காரர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார், பாவம்.)

*

பிரான்ஸ், ஆற்றங்கரை முகாம், 27 ஜூலை 1986

அன்புள்ள அக்கா, அன்புள்ள கோரி,

நாங்கள் நால்வரும் நலம், தோல் உரிந்திருப்பதைத் தவிர. நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ தெரியாததால் இதை ஸ்னேக்குக்கே அனுப்புகிறேன்.

நால்வரும் என்று எழுதியிருக்கிறேன், கவனித்திருப்பாய். மே கடைசி நாள் சாயங்காலம் ரூலீன் தன் அப்பாவுக்குத் தொலைபேசி செய்தாள். நாங்கள் அடுப்படியில் நின்று கேட்காத மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தோம். "முதல்ல இவங்களோட, அப்புறம் உங்ககிட்ட" என்றாள். பெர்ட் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இல்லப்பா, கேரவன்ல இல்ல. பக்கத்துல" என்றாள். அதை உனக்கு உடனே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் மாறிவிடுமோ என்றிருந்தது.

முகாமுக்கு வந்ததும் வண்டியைப் பின்னோக்கித் தள்ளி நிறுத்துவதற்குள் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். எல்லாரும் நம் நாட்டுக்காரர்கள், வேறு யார். ரூலீன் கூடாரத்தைத் தானே அடித்தாள், மூன்று எட்டு தள்ளி. காலையில் ரொட்டி வாங்கிவருவது அவள் வேலை. பாத்திரம் கழுவ யெல்லெவையும் இழுத்துக்கொண்டு போகிறாள். என்னோடு அதிகம் பேசுவதில்லை, ஹன்னியோடும்தான் பேசுவதில்லை. பன்னிரண்டு வயது அப்படித்தான் என்று ஹன்னி சொல்கிறாள்.

மேல்கட்டிலை விரித்து, தலையணை போட்டு வைத்திருந்தோம். ஒரு நாளும் அவள் ஏறவில்லை. சாமான் வைக்க எங்கும் இடமில்லை, அக்கா. கேஸ் அடுப்பில் வைக்கிற வாணலி என் கட்டிலில் கிடக்கிறது. ஹன்னியின் பூட்ஸ் என் தலைமாட்டில். அந்தக் கட்டில் மட்டும் காலி. "பைத்தியக்காரத்தனமா இருக்கு" என்று ஹன்னி ஒரு நாள் சொன்னாள், ஆனாலும் பையைத் தரையிலேயே வைத்தாள்.

நேற்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ரூலீன் ஆற்றங்கரையில் யாரோடோ இருந்தாள். யெல்லெ ஒரு வாரமாகச் சேர்த்த கூழாங்கற்களைக் கொண்டுவந்து, நான் தேநீர் போடத் திரும்பிய நேரத்தில், மேல்கட்டிலில் நிறவாரியாகப் பரப்பிவிட்டான். நான் பார்த்து, எடுக்கச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட ரூலீன். கையில் புத்தகம், சட்டைக்குள் மறைத்து.

ஏணியில் இரண்டு படி ஏறினாள். நின்றாள்.

"ஏய். இது யாரு வெச்சது?"

"நான்தான்" என்றான் யெல்லெ. "யாரும் படுக்கலயே."

"அது என் இடம். எடு எல்லாத்தையும்."

"மழைக்குத்தானே உன் இடம்?"

"மழை பெய்யுது பாரு. எடு."

அவன் முனகிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தொப்பியில் போட்டான். ரூலீன் துண்டால் மெத்தையைத் தட்டிவிட்டு ஏறிப் படுத்தாள். அந்தச் சின்ன ஜன்னலைக் கொஞ்சம் திறந்துகொண்டாள். திரையை இழுக்கவில்லை. ஹன்னி என்னைப் பார்க்கவில்லை, ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் நாலு கோப்பையில் தேநீர் ஊற்றினேன். ஒன்றை மேலே நீட்டினேன். கை வந்து வாங்கிக்கொண்டது.

இன்று வெயில். அவள் மறுபடி கூடாரத்தில். கட்டில் காலி.

உன் வீபே

*

வீபேயின் கேள்விக்கு அவர்கள் வாங்கியதுதான் சரியான பதில் என்று நான் சொல்லமாட்டேன். வேறு குடும்பத்துக்கு மடிப்பு வண்டி பொருந்தும், இன்னொன்றுக்கு எங்கள் முட்டை. கார் இழுக்கும் எடை, கட்டிலின் நீளம், மழைக்கு இடம், இவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். வண்டி பார்க்கப் போகிற அன்று, உங்கள் வீட்டில் யார் வருவார்களோ மாட்டார்களோ என்று இருக்கிறார்களோ, அவர்களுக்கென்று நீங்கள் நினைத்திருக்கும் படுக்கையில், செருப்பைக் கழற்றிவிட்டு நீங்களே கொஞ்ச நேரம் படுத்துப் பாருங்கள்.